முதல் பத்து நிமிடம்

முளைத்து மூன்று இலை விடாத ஒருத்தியை இந்த ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்க்கப் பார்க்க பிரென்னாவுக்கு வயிறு எரிந்தது. ஒடெசாவாம். இந்த வருடம்தான் கல்லூரிக்கு வந்தவள், ஐந்தடி இரண்டு அங்குலம். அவள் வரும்வரை, மூன்று வருடம், கூடைப்பந்து அணியின் பாயிண்ட் கார்டு பிரென்னாதான். பந்தைத் தட்டிக்கொண்டு போய் யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்தது அவள் கை. இப்போது அந்தக் கை பெஞ்சில் உட்கார்ந்து துண்டு மடிக்கிறது.

அப்படி என்ன பெரிய ஆட்டம்? ஒரு ஆட்டத்துக்கு ஆறு புள்ளி எடுத்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் வாய்தான். நீ அங்கே நில், நீ இங்கே ஓடு என்று தன்னைவிட மூத்தவர்களை விரட்டுவாள். "டிராஃபிக் போலீஸ் வந்துட்டாங்கடி, அபராதம் போடறதுக்குள்ள நகருங்க" என்று பிரென்னா உடை மாற்றும் அறையில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள். ஒடெசாவும் சிரித்துவிட்டு, "நீங்களும் கொஞ்சம் நகருங்கக்கா, என் ஷூவ மிதிக்கிறீங்க" என்பாள்.

பிப்ரவரிக் கடைசி சனிக்கிழமை மதியம், சொந்தக் களத்தில் கடைசி ஆட்டம். அன்றைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருடத்துப் பெண்களைப் பெற்றோரோடு களத்தின் நடுவே நிறுத்திப் பூங்கொத்து கொடுப்பார்கள். பெஞ்சிலேயே வேர்விட்டவளானாலும் அன்று முதல் ஐவரில் ஒருத்தி. இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கைதட்டி, உட்கார வைத்துவிடுவார்கள்.

பிரென்னாவுக்கும் இதுதான் கடைசி வருடம், ஆனால் அந்தப் பிச்சை வேண்டாம். முதல் கால்பகுதி முழுவதும், பத்து நிமிடமும், தனக்கு வேண்டும் என்று கோச் மார்ஜிடம் கேட்டாள். ஜெயித்தால் வட்டாரப் போட்டிக்குப் போகலாம், தோற்றால் இந்த வருட ஆட்டம் அன்றோடு சரி. அது தெரிந்தும் மார்ஜ் தலையாட்டினாள். பூங்கொத்தைக் கண்டால் மார்ஜுக்கு மூளை வேலை செய்யாது.

மற்ற நால்வரும் வழக்கமாக ஆடுபவர்கள்தான். ஒடெசா மட்டும் வெளியே. எதிரணி முதல் நொடியிலிருந்தே களம் முழுக்க மறித்தது. பிரென்னா தலை நிமிர்ந்து பார்த்தாள். நால்வரும் சந்தையில் அம்மாவைத் தொலைத்த பிள்ளைகள் போல நின்றார்கள். நகருங்கடி என்று அதட்டினாள். எங்கே என்று சொல்லவில்லை, அவளுக்கும் தெரியாது.

பந்து பறிபோனது. அடுத்ததும் போனது. பெஞ்சிலிருந்து ஒடெசா, "இடது பக்கம்க்கா, இடது பக்கம் காலியா இருக்கு" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் குட்டிச்சாத்தான் சொல்லி நான் கொடுப்பதா என்று பிரென்னா வலப்பக்கமே எறிந்தாள். அழைப்பிதழ் வைத்துக் கூப்பிட்டது போல அங்கே எதிரணிக்காரி காத்திருந்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; பந்தில் காற்று குறைவு என்று பிரென்னா நடுவரிடம் முறையிட்டாள். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மார்ஜ் வாக்கு மாறவில்லை. பத்து நிமிடம் முடிந்தபோது எதிரணி பதினேழு, இவர்கள் இரண்டு.

பிறகு ஒடெசா இறங்கினாள். கூட அதே நால்வர். நாலு வார்த்தை, இரண்டு கையசைப்பு. கூடைக்கு அடியில் ஒருத்தி தனியாக நின்றாள், பந்து அவள் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பிரென்னா துண்டு மடிப்பதை நிறுத்தினாள். நான்கு மாதமாகத் தான் பார்த்தது அவளுடைய வாயை மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஒடெசா புள்ளி புள்ளியாக மீட்டுக்கொண்டே வந்தாள். கடைசி நொடியில் ஒரே ஒரு புள்ளி பாக்கி. அவள் எறிந்த பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது.

அரங்கு காலியாகும்போது அப்பா பூங்கொத்தோடு வந்தார். "கடைசில கவுத்துட்டா பாரு, அந்தப் பொடிசு. நீ இருந்திருந்தா போட்டிருப்ப" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். காலையில் அவளைத் தலையில் வைத்து ஆடிய அதே கூட்டம்தான். இரண்டடி தள்ளி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒடெசா நிமிரவில்லை.

சுகமான பொய். வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், ஆயுசுக்கும் பிரென்னாவுக்குச் சொந்தம்.

"பதினஞ்சு புள்ளி பின்னால விட்டுட்டு வந்தது நான்ப்பா. அந்தப் பத்து நிமிஷத்த நானாத்தான் கேட்டு வாங்கினேன்" என்றாள்.

அப்பா பூங்கொத்தைக் கை மாற்றிப் பிடித்தார். ஒடெசா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இடது பக்கம்னு கத்துனேனேக்கா" என்றாள்.

"கேட்டுச்சு" என்றாள் பிரென்னா.