எஞ்சினுக்கு ஈரத்துண்டு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சிதான். போர்ட் பிளேரின் ஹேடோவில், துறைமுகக் குடியிருப்புக்குப் போகும் ஏற்றத்தில், பச்சை நிறப் பழைய பத்மினி கார் ஒன்று பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. ஒருவர் துண்டை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து எஞ்சினுக்குள் எதன்மேலோ போட்டுக்கொண்டிருந்தார், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் போடுவதுபோல. பக்கத்தில் ஒரு பெண். அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை. காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பேருந்து நகர்ந்துவிட்டது. மிச்சம் எல்லாம் நான் சேர்த்தது.

(அவள் ஏன் பின்பக்கத்தைப் பார்த்தாள் என்ற கேள்வி குடையாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"பனி பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், ஆளற்ற காட்டுச் சாலையில் கார்—"

போர்ட் பிளேரில் பனியா! மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசித்துத் தள்ளினால் இப்படித்தான். கை தானாகப் பனியை எழுதுகிறது. மீன் வைக்கும் பெட்டியில் தவிர வேறெங்கும் நான் பனிக்கட்டியைப் பார்த்ததில்லை.

"அந்த எஞ்சின் ஒரு களைத்த தேசத்தின் இதயத்தைப்போல—"

வேண்டாம். எஞ்சின் எஞ்சினைப்போலவே இருக்கட்டும்.

"வெங்கடேஷிடம் எந்த எஞ்சினும் பொய் சொன்னதில்லை." இது பரவாயில்லை. இங்கிருந்து போவோம்.

3

வெங்கடேஷிடம் எந்த எஞ்சினும் பொய் சொன்னதில்லை. துறைமுகப் பட்டறையில் அவன் ஃபிட்டர். படகின் சத்தத்தைக் கரையிலிருந்து கேட்டே எந்த சிலிண்டர் சுணங்குகிறது என்று சொல்லிவிடுவான். பத்மினியைத் துருப்பிடித்த கூடாக ஏலத்தில் எடுத்து, ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து ஓடவைத்தவன். அந்தக் கார் இரண்டு மாதமாக அவனை ஏய்த்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும். இருபது நிமிடம் ஓடும். பிறகு இருமும், இழுக்கும், நின்றுவிடும். அரைமணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. அப்படியென்றால் பிளக்குக்குப் பொறி தரும் காயில்தான், பழைய காயில் சூட்டில் மயங்கும். நண்பன் சுரேந்திரனிடம் சொல்லி மெயின்லேண்டிலிருந்து புதிது ஒன்று வரவழைத்தான்.* கப்பல் வர மூன்று வாரம். மாட்டினான். இருபதாவது நிமிடம் நின்றது.

* மெயின்லேண்டில் தப்பான பாகத்தை வாங்கிவிட்டால் அன்று மாலையே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இங்கே ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு கப்பல் வேண்டும். கப்பல் ஏறி வந்த ஊகத்தைத் தப்பென்று ஒப்புக்கொள்ள யாருக்கும் அவ்வளவு சுலபமாக மனம் வராது.

"டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டியேடா" என்று பட்டறை வாசலில் எல்லார் முன்னாலும் சுரேந்திரனைக் கேட்டான்.

"நானா? பதினஞ்சு வருஷப் பழக்கத்துக்கு இதான் மரியாதையா வெங்கட்?"

"பழக்கம் வேற, காயில் வேற."

சுரேந்திரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அடுத்து பெட்ரோல் பம்ப், இன்னொரு கப்பல். அதுவும் இல்லையென்றான பிறகுதான் ஈரத்துண்டு. குழாயிலேயே பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிடுகிறது என்று முடிவு கட்டினான். நின்ற இடத்தில் துண்டை நனைத்துப் போட்டு அரைமணி காத்திருந்தான். கிளம்பியது! துண்டு போடாமல் காத்திருந்தாலும் கிளம்பியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது.

4

காரணத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. இது துப்பறியும் கதை அல்ல.

காரணம் சங்கவி, அவன் மனைவி. சிப்பிகாட் பண்ணை நாற்றங்காலில் ஜாதிக்காய்க் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டுவது அவள் வேலை. வெட்டுப்பட்ட இடம் எதுவானாலும் மழைக்கு முன்னால் மூடிவிட வேண்டும், ஈரம் புகுந்தால் கன்று அழுகிப்போகும். பன்னிரண்டு வருடத்தில் இது அவள் விரல்களுக்கே தெரிந்துவிட்டது. மே மாதக் கடைசியில், மழை இறங்குவதற்கு முந்தின நாள், காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெட்ரோல் டேங்க் மூடியில் குண்டூசிமுனை அளவுக்கு ஒரு துளையைப் பார்த்தாள். போன மழையில் பெட்ரோலில் தண்ணீர் கலந்து வெங்கடேஷ் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. குழாய்க் கசிவுக்கு வாங்கிய எபாக்ஸிப் பசையில் துளி உருட்டி அடைத்து, விரலால் வழித்து, மேலே வெள்ளிப் பெயின்டும் தொட்டு வைத்தாள். வேலை அத்தனை சுத்தம்.

அது காற்றுக்கான துளை. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் நகராது. நின்ற வண்டியில் இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து சேர அரைமணி ஆகிறது. அவ்வளவுதான் நோய்.

[இங்கே ஒரு சந்தேகம். பழியை ஏன் மனைவிமேல் போட்டேன்? முதல் வரைவில் பக்கத்து வீட்டுக்காரர் அடைத்தார். கதை அசையவே இல்லை. அக்கறையால் அடைத்த துளை என்றதும் எழுந்து உட்கார்ந்தது. இதற்காகச் சங்கவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.]

5

வியாழக்கிழமை அவள் வேப்பெண்ணெய் டின்னில் ஆணியால் ஒரு துளை போட்டுச் சாய்த்தாள். கொஞ்சம் வந்தது, நின்றுவிட்டது.

"அரே, ஒத்த ஓட்டையில எப்புடி வரும்?" என்றாள் கூட வேலை செய்யும் ஒச்சம்மா, பாதி இந்தியும் பாதி தமிழுமாக. "காத்து போக எதிர்ல இன்னொண்ணு போடு. தினம் பண்றதுதானே, தியான் எங்க இருக்கு உனக்கு?"

சங்கவி ஆணியை எடுத்தாள். அடிக்காமல் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கியா ஹுவா சங்கவி? டின்னுக்குள்ள பேயா?"

"ஒண்ணுமில்லக்கா."

மாலை வீட்டுக்கு வந்தபோது வெங்கடேஷ் போனில் பேசி முடித்திருந்தான். பாராடாங்கில் விடுதி நடத்தும் உதயசூரியன் ஞாயிறு காலை வந்து காரை எடுத்துக்கொள்கிறாராம். ஓட்டிப்போக அல்ல. அந்தக் காட்டுவழியில் போலீஸ் காவலோடு வரிசையாக, கான்வாயாகத்தான் போக வேண்டும், நடுவில் எங்கும் நிற்கக்கூடாது. இருபது நிமிடத்தில் நிற்கும் வண்டிக்கு அங்கே இடம் ஏது? லாரியில் ஏற்றிப்போய் விடுதி வாசலில் நிறுத்தி, பானட்டைக் கழற்றிச் செடி வைப்பாராம்.

"செடியா?"

"செடிதான். உனக்குப் பிடிக்குமே." அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "இதுக்கு என்னன்னு சொல்லத் தெரியாதவன் வீட்ல இது எதுக்குமா? காலையில இதைப் பாத்துட்டுப் போனா அங்க படகுல கை வைக்கவே பயமாயிருக்கு. நேத்து ஒரு பம்பைக் கழட்டிட்டு, சரியாத்தான் கழட்டினேனான்னு மூணு தடவை பாத்தேன்."

6

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும்.

அவள் பக்கம் இது: முதல் வாரத்திலேயே அவன் கேட்டிருந்தான், "வண்டியில எதையாச்சும் தொட்டியா?" என்று. "இல்லையே" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. துடைப்பதும் அடைப்பதும் தொடுவது ஆகுமா? ஆனால் அந்த "இல்லையே" மேல் இரண்டு கப்பல் வந்துபோய்விட்டது. ஒரு நட்பும் போய்விட்டது. சொல்ல வாயெடுத்தால் எல்லாம் சேர்ந்து வரும்.

பாவமாக இருந்தது. நானே அவளுக்கு ஒரு முடிவை எழுதிக் கொடுத்தேன்.

முடிவு அ: வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போனதும் அவள் ஊசியால் துளையைத் திறந்துவிடுகிறாள். சனிக்கிழமை கார் நிற்கவே இல்லை. ஈரத்துண்டுக்குப் பதிலாகக் குழாயைச் சுற்றித் தான் கட்டிய துணிப்பட்டைதான் காரணம் என்று அவன் குதிக்கிறான். லாரி வேண்டாம். எல்லாருக்கும் சந்தோஷம்.

எழுதி முடித்து டீ போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் சங்கவி அந்த முடிவுக்குள் இறங்கவில்லை.

"எல்லாருக்குமா?" என்றாள். "சுரேந்திரன் அண்ணனுக்கு?"

நான் அவனை மறந்தே போயிருந்தேன். அவன் கொடுத்தது நல்ல காயில். யாராவது சொன்னால்தானே அது வெளியே தெரியும்.

முடிவு ஆ: உதயசூரியனின் லாரி புறப்படுகிறது. அவள் சன்னலோரம் நின்று, கடலின் சாம்பல் நிறத்தைப் பார்த்தபடி, ஒரு வார்த்தையும்—

இல்லை. சன்னலோரம் மௌனமாக நிற்கும் பெண்களை நான் அளவுக்கு மீறி வாசித்துவிட்டேன். சங்கவிக்கு அவ்வளவு நேரம் நின்றால் இடுப்பு வலிக்கும்.

7

ஆகவே, சனிக்கிழமை பிற்பகல்.

கடைசியாக ஒரு சுற்று என்று இருவரும் கிளம்பினார்கள். சிப்பிகாட்டில், சுனாமியில் கடல்நீர் ஏறி வயல்கள் மூழ்கிக்கிடக்கும் பக்கம், கார் இருமி நின்றது.

"இருபத்திரண்டு நிமிஷம்" என்றான் வெங்கடேஷ். "போகப்போறோமேன்னு ரெண்டு நிமிஷம் கூடக் குடுத்திருக்கு." வாளியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

அவளும் இறங்கினாள். "துண்ட வைங்க."

"இரு, நனைச்சுப் போட்டுட்டு—"

"வைங்கன்னு சொல்றேன்ல. பின்னாடி வாங்க."

வந்தான். அவள் டேங்க் மூடியில் கை வைத்தாள்.

"பேசாம கேளுங்க."

திருகினாள். உஸ்ஸென்று நீளமாகக் காற்று உள்ளே போனது. அவனுக்கு அந்த ஒரு சத்தம் போதும். அவள் கையிலிருந்து மூடியை வாங்கித் திருப்பி, வெள்ளிப் பெயின்டை நகத்தால் சுரண்டினான்.

"நான்தான் அடைச்சேன்" என்றாள் சங்கவி. "மழைத்தண்ணி போயிடுமேன்னு அடைச்சேன். இப்படி ஆகும்னு தெரியாது. ஆனா வியாழக்கிழமையே தெரிஞ்சுபோச்சு. மூணு நாளா உங்ககிட்டச் சொல்லாம இருந்தேன்."

அவள் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டு, சீராக ஓடத் தொடங்கியது.

8

இங்கே நிறுத்துகிறேன். வெங்கடேஷின் பதிலை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிரித்தான், அவ்வளவு சீக்கிரம் யாரும் சிரிப்பதில்லை. ஒன்றில் கத்தினான், எனக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது, அது அநியாயம், இரண்டு மாதம் தன் கையையே சந்தேகப்பட்டவன் கத்தக்கூடாதா? ஒன்றில் உதயசூரியனைக் கூப்பிட்டு லாரி வேண்டாம் என்றான். அதைச் செய்வான்தான், ஆனால் முதலில் செய்யமாட்டான். நான்காவதை அடித்துவிட்டேன்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். மூடி அவன் கையில் இருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது. சங்கவி கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கிறான், சுரேந்திரனின் பெயர்வரை தேடிப்போகிறான், அழுத்தாமல் அவள் இருக்கும் சன்னலை நோக்கி நடக்கிறான். எட்டடி தூரம். அதற்குள் இரண்டு பேருக்கு அவன் சொற்களைத் தேடியாக வேண்டும். ஒருத்தி மன்னிப்புக்குக் காத்திருக்கிறாள். ஒருவனிடம் இவன் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பதினைந்து வருட நண்பன் என்றும் யாரும் இல்லை. உங்களுக்கு இரண்டில் ஒன்றாவது இருக்கும். அந்த எட்டடியை நீங்கள் நடந்து பாருங்கள்.