ஐம்பதாவது புள்ளி

1

லோர்னா விடெக் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் சீருடைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். நெப்ராஸ்கா மண் சாலையில் லாரி குதித்தது. பத்து மணிக்குள் கல்லறைத் தோட்டத்தில் நிற்காவிட்டால் ராணுவ ஓய்வூதியம் போச்சு.

(இந்தக் கதை பிறந்தது எரிச்சலில். ராணுவ இருப்புப் படையின் விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை அது சுவரில் மோதியது.)

வானம் சாம்பல் நிறத்தில்... வேண்டாம். வானத்துக்கு இங்கே வேலையில்லை.

2

விதி இதுதான். கூப்பிட்டால் வருகிறேன் என்று பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறீர்களா? அந்த வருடம் பதவி மூப்புக்குச் சேரும். ஓய்வூதியத்துக்குச் சேராது, அதற்குள் ஐம்பது புள்ளி சேர்த்தாலொழிய. அதே ஆள், அதே வருடம்! அப்படி இருபது வருடம் வேண்டும். லோர்னாவிடம் பத்தொன்பது இருக்கிறது. இருபதாவது இன்றோடு முடிகிறது. நாளை அவளுக்கு அறுபது வயது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நேற்று, பணியாளர் அலுவலக குமாஸ்தா டாட்லாக் தொலைபேசியில்:

"வீட்ல இருந்ததுக்குப் பதினஞ்சு, தபால் பாடத்துக்கு முப்பத்துநாலு. நாப்பத்தொம்போது, சார்ஜென்ட்."

"ஒண்ணுதானே சாமி, போட்டு விடேன்!"

"நான் போடுவேன், கம்ப்யூட்டர் போடாதே. முன்னாள் சிப்பாய் யாரையாவது நாளைக்குப் புதைக்கிறாங்களா? சவப்பெட்டி மேல போத்தின கொடிய மடிச்சு மரியாதை பண்ணினா ஒரு புள்ளி."

"புதைக்கிறாங்க."

"அப்புறமென்ன! யோகக்காரிதான் போங்க!"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

3

இவளை எனக்குப் பிடிக்கவில்லை. சாவுக்குப் போகிறவள் புள்ளி எண்ணலாமா? இரண்டு முறை அவளைக் கோடிட்டு அடித்துவிட்டு வேறொருத்தியை எழுதினேன். அவளும் எண்ணினாள்.

4

ஒன்பது ஐம்பத்தெட்டு. கொடியின் மறுமுனையைப் பிடிக்க வெளியூரிலிருந்து வந்த கார்ப்பரல் கோஷ், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தார்.

"வந்தீங்களே, புண்ணியமாப் போச்சு. ஆனா முன்வரிசை நாற்காலியப் பாருங்க, காலி! செத்தவர் சம்சாரம் இன்னும் வரல. மடிச்ச கொடிய யார் மடியில வைக்கிறது, உங்க மடியிலயா?"

லோர்னா கையுறையை மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

முடிவு அ: கொடியை மடிக்கிறாள், புள்ளி விழுகிறது. முடிவு ஆ: நாற்காலியில் போய் உட்காருகிறாள், பத்தொன்பது வருடமும் காற்றோடு போகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்தேன். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வரைவில் இருந்து, நான் வேண்டுமென்றே மறைத்த ஒன்றை மட்டும் தந்துவிடுகிறேன். பெட்டிக்குள் இருப்பவர் பெயர் எமில் விடெக். அந்த நாற்காலி லோர்னாவுடையது.