பதினேழாம் நம்பர் அறை

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம், குன்றாண்டார்கோவில் சாலையோரத்துச் செம்மண் பொட்டலில் காலேஜ் திறந்த நாளிலிருந்து, அந்த வட்டாரத்து மழை காலேஜ் வேலிக்குள் மட்டும்தான் பெய்தது. பாடம் நடக்கும்போது பெய்யும். மணி அடித்தால் நிற்கும். ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையும் மழைக்கும் உண்டு. வேலிக் கல்லின் உள்பக்கம் பாசி பிடித்திருந்தது, வெளிப்பக்கம் தொட்டால் சுட்டது. மதராஸிலிருந்து வானிலை ஆபீசர் ஒருவர் வந்து, வேலிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று பார்த்துவிட்டு, ஒற்றைச் செருப்பு நனைந்தபடி ரயிலேறிப் போனார். அதற்கப்புறம் யாரும் ஆராயவில்லை. மழையில் நிற்பவனுக்குக் குடை வேண்டும், வெயிலில் நிற்பவனுக்கு மழை வேண்டும். ஆராய்ச்சி யாருக்கு வேண்டும்?

காலேஜ் வளர்ந்த கதையை இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள். கொடை என்கிறார்கள், கல்வி ஆர்வம் என்கிறார்கள். அதெல்லாம் பிற்பாடு அடித்த வெள்ளை. கண்மாய் வறண்டது, அதுதான் விஷயம். முதலில் சோலையப்பன் போய்த் தன் வயலைக் காலேஜுக்கு எழுதிக் கொடுத்தார். வேலியைத் தள்ளி நட்டார்கள். மறுநாளே மழையும் தள்ளி வந்து அவர் வயலில் பெய்தது. நனைந்துகொண்டே விதைக்கடலையோடு வந்து நின்றபோதுதான், வயல் இனி காலேஜினுடையது, அங்கே ஆஸ்டல் வரப்போகிறது என்பது மனுஷனுக்கு உறைத்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. பாவம், அவருக்கு அங்கேயே வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்தார்கள். இதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஊர் திருந்தவில்லை. ஒரு துண்டைக் கொடுத்தால் மிச்சத்துக்குச் சாரலாவது அடிக்காதா என்று ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். சாரல் வேலியைத் தாண்டவே இல்லை. ஐந்தாறு வருஷத்தில் காலேஜ் கண்மாய்க்கரை வரை வந்துவிட்டது.

கொடுக்காதவள் மூக்காயி ஒருத்திதான். அவள் புருஷன் மலேயாவுக்குக் கப்பலேறிப் போனவன், போனவன்தான். அவளுக்கென்று மிச்சமிருந்தது இரண்டு ஏக்கர் கடலைக்காடு. மூன்று பக்கமும் காலேஜில் மழை கொட்ட, நடுவில் அவள் குடத்தில் தண்ணீர் சுமந்து செடிக்குச் செடி ஊற்றினாள். பிரின்ஸ்பால் ரெங்கசாமி நல்ல மனுஷர். வருஷா வருஷம் குடை பிடித்துக்கொண்டு வந்து, வேலியருகே குடையை மடக்கிவிட்டுக் கேட்பார்.

“மழையும் வேணும், நெலமும் வேணும்னா எப்புடிம்மா? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா முடியுமா?”

“எனக்கு மீசை இல்லீங்கய்யா,” என்பாள் மூக்காயி. “கூழுக்குத்தான் கேக்குறேன்.”

அந்தச் சமயத்தில் சரித்திரம் நடத்த வந்தவர் ஷேக் பரீது. கடற்கரைப்பக்கம் கோட்டைப்பட்டினத்துக்காரர், மெல்லிய குரல். தகரக் கூரையில் விழும் மழையில் அவர் குரல் முன்வரிசைக்கே கேட்கவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலி தாண்டி வந்து, மூக்காயி காட்டு வேப்பமரத்தடியில் உட்காரலாமா என்று கேட்டார். செடியை மிதிக்காமல் உட்காரச் சொன்னாள். அவர் பாண்டியர்களை ஆரம்பித்ததும் புத்தகத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இங்கேயும் துரத்திக்கொண்டு வந்துவிட்டதே என்று வாத்தியார் நொந்துபோய்ப் புத்தகத்தை மூடினார். மழை நின்றது. கடலைச் செடிக்கு நடுவே நின்றிருந்த மூக்காயி களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“நிறுத்தாதீங்க வாத்தியாரய்யா. சொல்லுங்க. அவுக வம்சம் பூராத்தையும் சொல்லுங்க.”

ஷேக் பரீது நனைந்துகொண்டே ஒரு வம்சத்தைச் சொல்லி முடித்தார். காடு குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு மூக்காயி அழுததை மழையில் யாரும் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் சில வருஷம் அந்தக் காட்டில் பாடம் நடந்தது. எந்தப் பாடத்துக்கு எந்த மழை என்று அவளுக்கு அத்துப்படி. சரித்திரம் நின்று நிதானமாகப் பெய்யும். கணக்கு மண்ணை அடித்துக்கொண்டு போகும்; அதை விதைப்புக்கு முன்னால் மட்டும் கூப்பிடுவாள். இங்கிலீஷ் புழுதி அடங்கவும் காணாது. வாத்தியார்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவித்த கடலை உண்டு.

அறுபத்தொன்றில் டிகிரி வகுப்புக்கு அனுமதி தரலாமா என்று பார்க்க ஒரு கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. பதினேழு அறை இருக்க வேண்டும், இருந்ததோ பதினாறு. கோடை விடுமுறையில் கட்டிய அறைகள் நின்றன. இந்தப் பதினேழாவதைப் பாடநாளில் கட்ட நேர்ந்ததால் காரை காயாமல் சுவர் சரிந்து சரிந்து விழுந்தது. காய்ந்த தரை வேண்டுமென்றால் மூக்காயி காடுதான். அங்கே கட்டி முடித்துவிட்டு அப்புறம் வேலியைத் தள்ளிக்கொள்ளலாம் என்று ரெங்கசாமி கணக்குப் போட்டார். தரை காய்வதற்காகக் காட்டில் பாடம் நடத்துவதை நிறுத்தினார். எழுதிக் கொடுத்தால் ஆஸ்டல் சமையல் வேலை தருவதாகச் சொல்லியனுப்பினார். கெட்ட எண்ணமில்லை. டிகிரி வராவிட்டால் ஏழைப் பிள்ளைகள் திருச்சிக்குப் போய்ப் படிக்க வேண்டும், பாதிப்பேர் போகவே மாட்டார்கள்.

கடலைப் பூவிலிருந்து விழுது இறங்குகிற நேரம். செம்மண் கல்லாகி, விழுது மண்ணைத் துளைக்க முடியாமல் கருகியது. மூக்காயி ஆளைக் கூப்பிட்டுப் பாடம் மாதிரி கத்தச் சொன்னாள், தானே பாண்டியர் பெயரைச் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் பெய்யவில்லை. பயிர் சாவதைப் பார்க்கச் சகிக்காமல், கைநாட்டு வைத்துவிடுவது என்று கிளம்பினாள். வழியில் பதினேழாவது அறைக்கென்று செய்த கதவு நிலையோடு மழையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சுவர் இல்லை, கதவு மட்டும் நம்பரோடு தயார். அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு பிரின்ஸ்பால் முன்னால் போய் நின்றாள்.

“ரூம்புன்னா என்னங்கய்யா? உள்ள ஒக்காந்து படிக்கணும், அம்புட்டுத்தானே? இந்தக் கதவ என் காட்டுல நட்டுருங்க. நெலத்தத் தரமாட்டேன். ரூம்ப வேணா தாரேன்.”

ரெங்கசாமி சிரித்தார். சரிந்து கிடந்த சுவரை ஒருதரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. சோலையப்பன்தான் குழி தோண்டி நிலையை நட்டார். கதவுச் சாவியை மூக்காயி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கமிட்டி வந்தது. பதினாறு அறை பார்த்துவிட்டுப் பதினேழுக்கு வந்தார்கள். வெட்டவெளியில் கதவு நின்றது. மூக்காயி இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்தாள். சுற்றிக்கொண்டு போக இடமிருந்தும், அவர்கள் ஒவ்வொருவராக நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தார்கள். ஷேக் பரீது பாடத்தைத் தொடங்கினார். மழை பிடித்துக்கொண்டது. கமிட்டித் தலைவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார், நனைந்த கடலைச் செடியைப் பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு குறிப்பு எழுதச் சொன்னார்: பதினேழாம் நம்பர் அறையில் கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்கவும். டிகிரிக்கு அனுமதி கிடைத்தது.

பாடம் அங்கேயே தொடர்ந்ததில் அந்த வருஷம் பாதிப் பயிர் பிழைத்தது. கடலை பிடுங்கும் அன்று சோலையப்பன் வாட்ச்மேன் உடுப்போடு வந்து கதவோரம் நின்றார்.

“எனக்கு அன்னைக்கு ஒரு கதவு தோணலயே மூக்காயி,” என்றார்.

மறு விதைப்பில் மூக்காயி கதவையொட்டிய இரண்டு பாத்தியை அவருக்கு விட்டுக் கொடுத்தாள். களை எடுக்கப் போகும்போதெல்லாம் இருவரும் பூட்டைத் திறந்து, கதவு வழியாகத்தான் உள்ளே போனார்கள்.