மூன்றாவது துள்ளல்

இன்னாசிபட்டி கோயில் திருவிழா ஜல்லிக்கட்டில் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. அந்த வருஷம் அந்தச் சத்தத்தில் பாதி சம்மனசுக்காகத்தான். சம்மனசு என்றதும் இறக்கை வைத்த தேவதூதரை நினைக்க வேண்டாம். அருளப்பன் வீட்டு வெள்ளைக் காளையின் பெயர் அது. நிறத்தைப் பார்த்து வைத்துவிட்டார்கள். குணத்தைப் பார்த்திருந்தால் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள்.

அதை வளர்ப்பவள் அருளப்பனின் மகள் கிளாரா. காந்திகிராமத்துக்குப் பஸ் பிடித்துப் படிக்கப் போகிறவள். போவதற்கு முன்னால் மாட்டை நடக்க விட்டு, நீச்சல் விட்டு, தீனி வைத்துவிட்டுத்தான் போவாள். அருளப்பனுக்கு வேலை டீக்கடையில்தான். "இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் கைக்கும் சிக்காத மாடு" என்று பெருமை பேசுவார். பேசியதோடு நிறுத்தியிருக்கலாம். "பிடிபட்ட அன்னைக்கே வித்துருவேன். பிடிமாட்டுக்குத் தீனி போட எனக்கென்ன தலையெழுத்தா?" என்றும் நாலு பேர் முன்னால் வாயை விட்டிருந்தார். சொன்ன சொல்லை மாற்றாத மனுஷன் என்று பேர் வேறு. கிளாராவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

வாடிவாசலுக்கு நேர் மேலே, கேலரியின் முதல் வரிசையில் அவளுடைய மறைக்கல்விப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு மந்திரமும் கட்டளையும் சொல்லிக்கொடுப்பவள் கிளாராதான். அடுத்த வாரம் அவர்களுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். முந்தின நாள்தான் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்து, துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி பளிச்சென்று வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அடுத்து வருது அருளப்பன் வீட்டுச் சம்மனசு! தொட்டுப் பாரு, முடிஞ்சா பிடிச்சுப் பாரு!" என்று மேடையில் சௌகத் அலி முழங்கினார். நாகல் நகரில் கடை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஜல்லிக்கட்டு என்றாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும்.

கிளாரா மூக்கணாங்கயிற்றை அறுத்தாள். சம்மனசு பாய்ந்தது. பரப்பியிருந்த தேங்காய்நார் பறந்தது, புழுதி கிளம்பியது. மாடு நேராக ஓடாமல் ஒரு சுற்றுச் சுற்றி வாடிவாசலுக்கே திரும்பியது. சின்னாளபட்டி சிவபிரகாஷ் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்கினான். திமிலை விடாமல் மூன்று துள்ளல் தாங்கினால் வீரர் ஜெயித்தார், அதற்குள் உதறிவிட்டால் மாடு ஜெயித்தது. ஒரு துள்ளல். கிளாரா எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு. மூன்று! அதன் பிறகுதான் அவன் கீழே விழுந்தான்.

புழுதி அடங்கியதும், "மாடு வெற்றி!" என்றார் சௌகத் அலி.

கிளாரா துள்ளிக் குதித்தாள். பொய் சொல்வானேன், குதிக்கத்தான் செய்தாள். சம்மனசு வீட்டுக்கு வரும்; அந்த நிமிஷத்தில் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

சிவபிரகாஷ் நொண்டிக்கொண்டே எழுந்து வந்தான். "அண்ணே, மூணு தாங்கிட்டேண்ணே."

கமிட்டிக்காரர் கேமராவைப் போட்டுப் பார்த்தார். அதிலும் புழுதிதான். கேலரியில் ஆளுக்கொன்று கத்தினார்கள். அவர் அண்ணாந்து முதல் வரிசையைப் பார்த்தார். "சின்னப் பிள்ளைக பொய் சொல்லாது. ஏம்ப்பா, எத்தனை துள்ளல்?"

"ரெண்டு!" என்றார்கள் அத்தனை பேரும் ஒரே குரலில். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று கிளாரா ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தாளே, அதே ராகத்தில். முன்னால் உட்கார்ந்திருந்த டெய்சி, அக்காவுக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிட்ட திருப்தியில் கிளாராவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கிளாராவுக்குச் சுருக்கென்றது.

சிவபிரகாஷ் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "சரி, விடுங்கண்ணே" என்று வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தான். கிளாரா மேடையைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். நடந்து போனால் மனசு மாறிவிடும் என்று அவளுக்கே பயம்.

"அண்ணே, மூணு."

"என்னம்மா மூணு?" சௌகத் அலி மைக்கைக் கீழே இறக்க மறந்துவிட்டார்.

"மூணு துள்ளல். நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். அந்த அண்ணன்தான் ஜெயிச்சாரு. எங்க மாடு பிடிபட்டிருச்சு."

மைதானத்தின் அந்தக் கோடியில், ஓடி வரும் மாட்டைப் பிடித்துக் கட்டக் கயிறோடு நின்ற அருளப்பன் வரைக்கும் அது கேட்டது. கூட்டத்தில் எழுந்த சத்தத்தில் மேடைத் தகரம் அதிர்ந்தது.

பிள்ளைகள் கேலரியை விட்டு இறங்கி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். டெய்சிக்கு அழுகை முட்டியது. "உங்களுக்காகத்தானக்கா சொன்னோம்!"

"எனக்காகவும் சொல்லக் கூடாது. நான் குதிச்சதும் தப்புத்தான்."

கூத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அடுத்த மாட்டைப் பிடித்ததாக அறிவிக்கப்பட்டவன் தலையைச் சொறிந்துகொண்டு மேடைக்கு வந்தான். "அண்ணே, நான் திமிலை விட்டுட்டுக் கொம்பைப் பிடிச்சிட்டேன், அது தப்பாட்டம். கணக்குல வேணாம்." அவனைப் பார்த்து இன்னொருவன், கூட ஒருத்தனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். "எனக்கு முன்னாடியே இவன் கை போட்டுட்டாண்ணே. பரிசை இவனுக்குக் குடுங்க."

சௌகத் அலி கையெடுத்துக் கும்பிட்டார். "ஏலே அப்பு, இது வாடிவாசலா, பாவசங்கீர்த்தனத் தொட்டியா? இப்படியே போனா அடுத்து மாடே வந்து மைக்கைக் கேக்கும் போலயே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கிளாராவுக்கும் சிரிப்பு வந்தது; பாதியிலேயே நின்றுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்துகொண்டிருந்தார். முகம் சிவந்து கிடந்தது. அவளை ஏறெடுத்துப் பார்க்காமல் விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"நான் அருளப்பன் பேசுறேன். போன வருஷம் பக்கத்து ஊர்ல இந்த மாட்டை ஒரு பையன் பிடிச்சான். மூணு துள்ளலும் தாங்கினான். நான்தான் முந்திக்கிட்டு ரெண்டு, ரெண்டுன்னு கத்தி அவனை ஏமாத்திட்டேன்."

வீரர்கள் கூட்டத்திலிருந்து ஒருவன் கம்பி வேலியில் ஏறி நின்றான். "அருளப்பண்ணே! அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே!" முகேஷ்குமார்தான் அது. பக்கத்திலிருந்தவர்கள் அவனை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஒரு வருஷம் தாமதமானாலும் வெற்றி வெற்றிதானே.

அருளப்பன் கீழே இறங்கினார். கிளாரா அவர் எதிரே போய் நின்றாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. "அப்ப, மாட்டை வித்துருவீங்களாப்பா?"

"பிடிபட்ட அன்னைக்கே வித்துருவேன்னு சொன்னேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "பிடிபட்டுத்தான் வருஷம் ஒண்ணாச்சே. அம்புட்டு நாளும் பிடிமாட்டுக்குத்தான் தீனி போட்டிருக்கேன். அதுவும் தெரிஞ்சே. இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு விக்கிறது?"

"அப்பா..."

"அங்கன புளியமரத்துல கட்டிப் போட்டிருக்கேன். தண்ணி காட்டல. உன்னைத் தேடிக் கத்துது. நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? போத்தா."

கிளாரா ஓடினாள்.