அள்ளி வந்த மணல்

குனிந்து தளம் பூசியதில் கொத்தனாருக்கு இடுப்பு நிமிரவில்லை. அதோடுதான் அன்று மாலை மகளின் ஃபைட்டர் மீனுக்குத் தொட்டியில் மணல் பரப்பி, செடி நட்டுக் கொடுத்தார்.

"மணலைக் காசு குடுத்தா வாங்குவாங்க? நான் பாக்காத மணலா?" என்று வேலையிடத்திலிருந்து அள்ளி வந்த மணல் அது.

மறுநாள் காலையில் மீன் செத்து மிதந்தது. மகள் அவரை மீன் வாங்கிய கடைக்கு இழுத்துப் போனாள்.

"சீக்கு மீனைத் தலையில கட்டிட்டீங்களேண்ணே!"

கொத்தனாரும் விடவில்லை. "சின்னப் புள்ளைய ஏமாத்தித்தான் பொழைக்கணுமாய்யா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் முகம் செத்துப்போய், நீல மீன் ஒன்றைச் சும்மா கொடுத்தார்.

வீட்டில் தண்ணீரை மாற்றச் செடியைப் பிடுங்கினார். மணல் வேரோடு ஓடு மாதிரிப் பெயர்ந்து வந்தது. சிமெண்டு மூட்டை பிரித்த இடத்தில் அள்ளியிருக்கிறார். தினமும் அவர் விரலைப் புண்ணாக்கும் அதே சிமெண்டுக் காரம்தான் மீனைக் கொன்றிருக்கிறது.

"என்னப்பா அது?"

"ஒண்ணுமில்லம்மா. வேற மணல் வாங்கிப் போடுவோம்."

"அந்தத் திருட்டு ஆளு கடையில வேணாம்ப்பா."

அவருக்குக் காது மடல் எரிந்தது. பெயர்ந்த மணலைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டார்.

கடைக்காரருக்கு ஒரு மீனின் விலையும் ஒரு மன்னிப்பும் இன்னும் பாக்கி.