அத்தையின் இடது கால்

கிளட்ச் கேபிள் மறுபடியும் அறுந்தது. இந்த முறை வங்கிக்கு எதிரே இருக்கும் சிக்னலில், சரியாகப் பச்சை விளக்கு விழும் நேரம் பார்த்து. பெடலை மிதித்தால் அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டதாம். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றுபோனது. பின்னால் நின்றவர்கள் ஹாரனிலேயே அர்ச்சனை செய்ய, என் மாமியார் முதல் கியரைப் போட்டு, கிளட்ச் இல்லாமலே சாவியைத் திருப்பியிருக்கிறார். வண்டி இரண்டு குதி குதித்துக் கிளம்பியது. வழியில் ஒரு சிவப்பு விளக்கைக் கண்டுகொள்ளாமல் வீடு வந்து சேர்ந்தார்.

"என்ன அத்தை, சிக்னல மதிக்க வேணாமா?" என்றேன்.

"மதிச்சு நின்னா மறுபடி யாரு கிளப்புறது, நீயா?"

அத்தை நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் புதன்கிழமைகளில் மட்டும் பொடிசுகளுக்கு வகுப்பு எடுக்கிறார். அவர் குரல் குளத்தின் மறுகரைக்குக் கேட்பதற்கென்றே அமைந்தது. சமையலறையில் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும். ஓய்வூதியம் வந்ததும் மகனுக்கும் மகளுக்கும் பங்கு பிரிக்காமல், முப்பது வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டார். இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, கையால் மாற்றும் கியர். செம்மண் நிறத்தை வைத்து அதற்கு வீட்டில் செவலை என்று பெயர். அதிலிருந்து இறங்க என் வீட்டுக்காரருக்கு நான் கை கொடுக்க வேண்டும். அத்தைக்கு யாரும் கொடுத்ததில்லை.

கிளட்ச் கேபிள் என்பது பிரமாதமான சமாச்சாரம் ஒன்றும் இல்லை. ரப்பர் உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பி. ஒரு முனை பெடலில், மறுமுனை கியர்பாக்ஸில். வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய அதை நாங்கள் பல்துலக்கும் பிரஷ் மாதிரி மாற்றிக்கொண்டிருந்தோம். மாற்றித் தந்த மெக்கானிக்கின் பட்டப்பெயர் 'பார்ப்போம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஏன் அறுகிறது என்றாலும் பார்ப்போம், இனி அறுந்துபோகாதில்லையா என்றாலும் பார்ப்போம். பெயருக்கு நேர்மாறாக, அவர் எதையும் பார்த்ததே இல்லை. பழையதை உருவிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவர். எந்த விபத்திலும் யார் மேல் பழி என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதைப் படிப்பார்.

"அம்மா, நீ எந்நேரமும் கால கிளட்ச் மேலயே வெச்சிருக்க. உனக்கே தெரியாம அமுக்குற."

"நான் எங்கடா அமுக்குறேன்?"

"அதான் சொல்றேன்ல, உனக்கே தெரியாம."

இந்த வாதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெஷின் தண்ணீரைத் துப்பினாலும் துணியைத் தின்றாலும் நாங்கள் சொல்லும் முதல் வாக்கியம், நீங்கள் பயன்படுத்திய விதம் சரியில்லை என்பதுதான். பாதிப் பேர் அத்தோடு போனை வைத்துவிடுவார்கள். அத்தை மட்டும் சும்மா விடுவாரா? அன்று மாலையே குடும்ப மாநாடு கூடியது. வெளியூர் நாத்தனார் போன் வழியாகக் கலந்துகொண்டு, வித்துத் தொலையுங்க என்று தீர்ப்பு வாசித்தார். என் வீட்டுக்காரர் வாங்க ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

அத்தை எழுந்து நின்றார். "இன்னும் ஒரே ஒரு கேபிள். அதுவும் அறுந்துச்சுன்னா தப்பு என் கால்மேலதான். சாவிய நானே உன் கையில குடுத்துடறேன். அதுக்கப்புறம் எந்த வண்டியையும் தொட மாட்டேன்."

எந்த வண்டியையும் என்று ஏன் சொன்னார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சொன்ன சொல்லிலிருந்து இறங்குகிற ஜென்மம் இல்லை அது.

புதுக் கேபிள் மாட்டியாயிற்று. அதன்பிறகு அத்தை ஓட்டுவதைப் பார்க்கவே சகிக்கவில்லை. இடது காலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார். கியர் மாற்றியதும் சூடுபட்டவர் மாதிரி காலைத் தூக்கினார். ஒருநாள் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்தேன். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். எதிரே, குளியலறையில் இருக்கும் எடை பார்க்கும் மெஷின். அதன்மேல் இடது காலை வைத்துக்கொண்டு, முள்ளையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை இது?"

"சும்மா வெச்சாலே முள்ளு நகருதும்மா. நான் அமுக்கவே இல்ல. ஆனா நகருது."

"கால்னு இருந்தா எடை இருக்காதா? என் கால வெச்சாலும்தான் நகரும்."

"அவன் சொல்றதுல ஏதோ இருக்கு," என்று மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குரல் பக்கத்து வீட்டுக்கு எட்டவில்லை, எனக்கே அரைகுறையாகத்தான் எட்டியது. என் வீட்டுக்காரரை நாலு வார்த்தை கேட்டேன். அவரோ செவலையின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டி வாங்கிய புதிதில் கிடைத்த விடுமுறை முழுவதும் அவர் இன்ஜினைச் சுற்றி இருந்த ஒவ்வொன்றையும் கழற்றி, தேய்த்து, பளபளக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் பானெட்டைத் திறந்து காட்டுவார். முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார். அவர் தலைக்கு அந்த அவசியம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை நல்ல குளிர். கண்ணாடி துடைக்கும் தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று நான் பானெட்டைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தை, "அப்படியே இன்ஜினும் சூடாகட்டும்" என்று சாவியைத் திருப்பினார். செவலை குளிரில் இருமிக்கொண்டு கிளம்ப மறுத்தது. மறுபடி திருப்பினார். மறுபடியும். அப்போது என் மணிக்கட்டில் சுரீரென்று சுட்டது. ரப்பர் கருகும் வாடை மூக்கில் ஏறியது. கை பட்டிருந்தது கிளட்ச் கேபிளின் மேல்.

"அத்தை! கிளட்ச்சுலேர்ந்து கால எடுங்க!"

"எந்தக் கால?"

எட்டிப் பார்த்தேன். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் காருக்கு வெளியே, சிமென்ட் தரையில் இருந்தன.

அத்தையை உள்ளே போய் காபி போடச் சொல்லி அனுப்பிவிட்டு, என் வீட்டுக்காரரை லுங்கியோடு இழுத்து வந்தேன். "இந்தக் கேபிளக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

"எதுக்கு?"

"பிடிங்கன்னா பிடிங்க."

பிடித்தார். நான் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், விடாமல். கொஞ்ச நேரத்தில் அம்மா என்று அலறிக்கொண்டு குதித்தார். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று புகார் வந்தால் எர்த் கம்பியைப் பாருங்கள் என்று நாங்கள் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வோம். "இதுக்கு எர்த் எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பிறகு போய், பேட்டரி இறங்கினால் பக்கத்து வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தடித்த வயரைக் கொண்டுவந்தார். ஒரு முனையை இன்ஜினில் கவ்வவிட்டார், மறுமுனையை பேட்டரியின் மைனஸில். "இப்பத் திருப்பு" என்றார். செவலை ஒரே திருப்பில் சீறிக்கொண்டு கிளம்பியது. கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து, இன்ஜினையும் காரின் உடம்பையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டையைக் காட்டினார். அதுதான் எர்த். அழுக்காக இருக்கிறதென்று அதைக் கழற்றியவர் அவர். அதற்கும், அது உட்காரும் இடத்துக்கும் இரண்டு கோட் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் அழகாக முடுக்கியவரும் அவர்தான். பெயின்ட் மின்சாரத்தை விடாது. இன்ஜினைச் சுழற்ற வந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடி, பாவம், அந்த மெல்லிய கிளட்ச் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அது உள்ளுக்குள் வெந்து, இழை இழையாக விட்டு, கடைசியில் அறுந்திருக்கிறது.

"போய்ச் சொல்லுங்க," என்றேன்.

"நீயும் வாயேன்."

"வேடிக்கை பார்க்க வர்றேன்."

அத்தை காபியோடு நின்றார். இவர் எல்லாவற்றையும் சொன்னார். பெயின்ட், பட்டை, மின்சாரம், எதையும் மறைக்கவில்லை. நான் அந்தக் குளத்தங்கரைக் குரலை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். தெரு அதிரும், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள் என்று ஆசையாக இருந்தது.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப என் காலு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கும்மா. முதல்லேர்ந்தே நல்லாத்தான் இருந்துச்சு."

"புதன்கிழமை கிளாஸ நான் விட்டுட்டேன்டா. நேத்துதான் போன் பண்ணிச் சொன்னேன். ஒரு புள்ள முழுகுதுன்னு வெச்சுக்க, நான் குதிச்சு, கால் சொன்ன பேச்சக் கேக்கலன்னா என்ன பண்றது?" மகனைப் பார்த்தார். "நீ சொன்னத நான் நம்பிட்டேன்."

என் வீட்டுக்காரர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய், தான் அடித்த பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். கார் வாங்க இருந்தவருக்குப் போன் செய்து, அது விற்பனைக்கு இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். குளத்துக்கும் போன் செய்கிறேன் என்றேன். அத்தை வேண்டாம் என்றார். போனில் விட்டதை நேரில் போய்த்தான் கேட்க வேண்டுமாம்.

பட்டை மாட்டி முடிந்ததும் கிளம்பினோம். இரண்டே இருக்கை என்பதால் பெயின்ட்காரர் வீட்டிலேயே நின்றுவிட்டார். அத்தை வழக்கம்போலத்தான் ஓட்டினார், லாரிகளைத் திட்டினார், ஒரு பைக்காரனை முறைத்தார். நானும் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். குளத்துக்கு முன்னால் உள்ள சிக்னலில் நின்றபோது தற்செயலாகக் கீழே பார்த்தேன். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, இடது காலைப் பெடலிலும் வைக்காமல், தரையிலும் வைக்காமல், அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அத்தை, கால கீழ வைங்க."

"வெச்சுடட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.