பதினாறு இஞ்சு வீல்

தொண்ணூறடி ரோட்டு வேகத்தடையில் பின்சக்கரங்கள் ஏறி இறங்கிய நொடியில் காருக்கு அடியிலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. ஹபீபா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். பக்கத்து சீட்டிலிருந்த அண்ணன் ஜெயினுலாப்தீன் திரும்பிப் பார்க்கவில்லை. தாராவி லேபர் கேம்பில் டயர் கடை வைத்திருப்பவருக்கு டயர் தகரத்தில் உரசும் சத்தத்தைத் திரும்பிப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு காக்கா."

"பதினாலு இஞ்சுதான் இந்த வண்டிக்கு கச்சிதம், எக்தம் ஃபிட்டு. ஒத்தக் கால்ல நின்னு பதினாற வாங்கியாந்தே. உரசுற டயரோட என் கடைய விட்டு வண்டி வெளிய போவாதுளா. ஹைவேல வெடிச்சா யாரு பதில் சொல்ல?"

அவர் சொன்னதில் தப்பில்லை. உரசும் தகரம் கத்தி மாதிரி. டயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிந்துவிடும். ஆனால் அந்த நாலு வீலும் அவள் அளவு கொடுத்து, சொல்லிச் செய்தவை. திருப்பிக் கொடுக்க முடியாது. அதைவிட, 'அளந்தது நான், உரசாது' என்று கடை வாசலில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள்.

குர்லா பழைய சாமான் கிடங்கில் செடி முளைத்துக் கிடந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, பின்னால் பேருக்கு ஒரு சீட்டு. தாராவியில் தோல் பை பட்டறை நடத்தும் ஹபீபா அதை வாங்கியபோது சிரிக்காதவர்கள் இல்லை. இன்ஜினை அண்ணன் பிரித்துச் சேர்த்தார். சீட்டுகளை அவளே தோல் வெட்டித் தைத்தாள். சிவப்புப் பெயின்ட் அடித்து நிறுத்தியபோது ஒரு குறைதான் கண்ணை உறுத்தியது. அவ்வளவு பெரிய சக்கர வளைவுக்குள் அவ்வளவு சின்னச் சக்கரம்! பெரிய மனிதர் ஒருவர் பிள்ளையின் செருப்பை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து நிற்பதுபோல் இருந்தது.

பெரிய வீல் போட்டால் கார் உயர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வீல் எவ்வளவு பெரிதாகிறதோ அந்த அளவுக்கு அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் மெலிதாகும். சக்கரத்தின் மொத்த உயரம் மாறாது, வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்லாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும்: வீலை அச்சோடு போல்ட்டு போட்டு இறுக்கும் முகம் வீலின் அகலத்துக்கு நட்டநடுவில் இருப்பதில்லை, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கும். எவ்வளவு தள்ளி என்பதைப் பொறுத்துத்தான் சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கும், அல்லது வெளியே எட்டிப் பார்க்கும். இதற்காகவே பைக்கு வெட்டுவதுபோல அட்டையில் மாதிரி வெட்டி, சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே வைத்துவைத்துப் பார்த்துத்தான் அளவு கொடுத்தாள். பிறகு எங்கே பிசகியது?

கடைக்குத் திரும்பியபோது கழற்றி வைத்த பழைய வீல்கள் நாலும் வாசலில் துடைத்து அடுக்கியிருந்தன. அடுக்கியவள் அண்ணன் மனைவி ஷரீஃபுன்னிசா மைனி. "நீங்க திரும்பி வருவீயன்னு தெரியும்லா. அதான் ரெடியா வச்சேன்" என்றாள்.

அண்ணன் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். தூக்கத் தூக்க, சக்கரம் ஸ்பிரிங்கோடு கீழே தொங்கியது. தகரத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு கையே நுழையும் அளவு இடம் விழுந்தது. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"காக்கா, நான் ஜாக்கில தூக்கி வச்சுத்தான் அளந்தேன்."

"ம்?"

"காலிப் பைய அளந்திருக்கேன். சாமான் வைக்காம ஜிப்பு மூடிப் பாக்காதீங்கன்னு பட்டறைல நாள் பூரா கத்துதேன். நானே அதச் செஞ்சிருக்கேன் பாருங்க!"

ஜெயினுலாப்தீன் பழைய வீல் ஒன்றைக் கையில் எடுத்தார். "சரி, விடு. மாட்டிருவோம்."

"அத வைங்க காக்கா. எங்க உரசுதுன்னு பாத்துக்கிடுவோம்."

தோலில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து வந்து, சக்கர வளைவின் உள்விளிம்பு முழுக்கப் பூசினாள். மறுபடி அதே வேகத்தடை, அதே சத்தம். இறங்கிப் பார்த்தால் கறுப்பு டயரின் வெளிப்பக்க ஓரத்தில் வெள்ளைக் கீற்று. மேலே விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சாக்கட்டிப் பூச்சு அழிந்திருந்தது. முழு வளைவும் இல்லை, அந்த ஒரு சாண்தான். தகரத்தின் ஓரம் அங்கே விரலகலத்துக்கு உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை மேல்நோக்கி மடித்துவிட்டால் டயருக்கு அந்த விரலகலம் கிடைத்துவிடும்.

"பெயின்ட்டு வெடிச்சிரும்ளா" என்றார் அண்ணன். ஆனால் வீலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரே அடியில மடிச்சா தோலும்தான் வெடிக்கும்."

பட்டறையிலிருந்து சூட்டுக் காற்று ஊதும் துப்பாக்கி வந்தது. மரச் சுத்தியலின் தலையில் ஆட்டுத் தோல் சுற்றிக் கட்டினாள். அண்ணன் தகரத்துக்குச் சூடு காட்ட, அவள் தட்டினாள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல. திரும்பவும் முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம். பையின் வாய் விளிம்பை மடிப்பதும் இப்படித்தான். தோல் தானே படுத்துக்கொள்ளும்வரை பொறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்தபோது பெயின்ட்டில் மயிரிழைக் கீறல்கூட இல்லை. அண்ணன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

மடித்த ஓரத்தில் மறுபடி சாக்கட்டி பூசிவிட்டு ஹபீபா நிமிர்ந்தாள். "இனி பைய ரொப்பணும். மைனி, ஏறுங்க. பேச்சிராஜா அண்ணாச்சி, நீங்களும்."

பக்கத்து மாவு மில் பேச்சிராஜா வயிற்றைத் தடவிக்கொண்டார். "தங்கச்சி, நான் உக்காந்தா வீலு உரசாது, ரோடுதான் உரசும்."

"அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

பின்சீட்டில் அவரைத் திணிக்க இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. "பாய், எறங்கும்போது என்னையும் ஜாக்கி போட்டுத்தான் எடுக்கணும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவருக்குப் பக்கத்தில் ஷரீஃபுன்னிசா ஒடுங்கிக்கொண்டாள். கார் பின்பக்கம் தாழ்ந்தது. வேகத்தடை வந்தது. ஹபீபா பிரேக்கைத் தொடவில்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது.

சத்தம் இல்லை.

கடை வாசலில் இறங்கியதும் டயரைப் பார்த்தாள். முழுக்கக் கறுப்பு. வளைவுக்குள் கைவிட்டுத் தடவி எடுத்தபோது விரல் வெள்ளையாக வந்தது. பூசிய சாக்கட்டி பூசியபடி இருந்தது. விரலை அண்ணன் முன்னால் நீட்டினாள்.

அவர் அந்த விரலைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்த் தன் விரலையும் விட்டுப் பார்த்தார். அதுவும் வெள்ளை. பிறகு, "சாவியக் குடு" என்றார். "எறங்காதீரு வே பேச்சிராஜா. நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்."

"அல்லா, இன்னொரு தடவையா!" என்றாள் ஷரீஃபுன்னிசா. ஆனால் அவளும் இறங்கவில்லை.

கார் புறப்பட்டது. ஹபீபா ரோட்டோரம் நின்றாள். ஓட்டுகிறவளுக்குத் தன் சக்கரம் சுழல்வது தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வீலின் கம்பிகள் முதலில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு ஒன்றோடொன்று கலந்து, வெயிலில் தாம்பாளம்போல் ஒரே வட்டமாக, அந்தச் சிவப்பு வளைவை நிறைத்துக்கொண்டு மின்னின. வேகத்தடையில் கார் ஒருமுறை பணிந்து எழுந்தது. திறந்த ஜன்னல் வழியாகப் பேச்சிராஜாவின் சிரிப்பு மட்டும் கேட்டது. வெள்ளை விரலைத் துப்பட்டாவில் துடைக்காமல், கார் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.